செவந்திக்குப் போட்ட ஏசி

திருமயம் கார் ஸ்டாண்டில் இப்போது சவாரி போகிறவர்களைவிட ஈ ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். கையில் போன் வைத்திருக்கிறவன் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே வண்டியைக் கூப்பிட்டுக்கொள்கிறான். கோட்டை பார்க்க வருகிற கூட்டமும் சொந்தக் காரில் வந்து சொந்தக் காரில் போய்விடுகிறது. அந்த ஸ்டாண்டில் என் இண்டிகாவுக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளை அம்பாசிடர் சோலையப்பனுடையது. "அந்தக் கெழட்டு எருமைய வித்துத் தொலைடா" என்று நான் சொல்லாத நாளில்லை. சிரிப்பான். பதில் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்ததை வாயாலேயே கொட்டிவிடுவேன். இப்படிப்பட்ட என்னோடு அந்தக் கல்லுளிமங்கன் எப்படி இத்தனை வருஷம் சிநேகிதனாக இருக்கிறான் என்பது எனக்கே புரியவில்லை.

அவன் மனைவி செவந்தி. மகள் கலைமதி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அடுப்படியில் கேஸ் டியூபை எலி கடித்து வைத்திருந்தது தெரியாமல் செவந்தி ஒருநாள் லைட்டரை அழுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வாழையிலையில் கிடந்து பிழைத்து வந்தாள். முகத்தில் ஒரு பாதி, கழுத்து, முதுகு, இரண்டு கைகள், எல்லாம் தழும்பு. வலது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. தழும்பாவது பரவாயில்லை, பார்த்துப் பார்த்துப் பழகிவிடும். ஆனால் வெந்து ஆறிய தோலில் வேர்வை வராதாம். வேர்க்காத உடம்பில் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். கொஞ்ச நேரம் வெக்கையில் நின்றால் போதும், கண் சொருகி விழுந்துவிடுவாள். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் பகலில் அவள் வாசல்படி தாண்டியதில்லை. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பூக்கட்டுவாள்.

"நான் தவளை மாதிரிண்ணே. ஈரம் காயக் கூடாது" என்று அவளே என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிக்கும்போது முகத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் அசையும். நானும் சிரித்து வைப்பேன். வீட்டுக்கு வந்தபிறகு எனக்குச் சோறு இறங்காது.

கலைமதி படித்து, திருச்சியில் ஒரு லேப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல பெண். சம்பளம் வந்ததும் அம்மாவுக்கு ஏர்கூலர் வாங்கிப் போட்டவள். அவளைப் பார்க்க முதலில் ஒரு வீட்டார் வந்தார்கள். செவந்தி தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வந்தவர்களில் ஒரு பொம்பளை அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தட்டில் இருந்த எதையும் தொடவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. கலைமதி அன்று ராத்திரி பாத்திரம் தேய்க்கிற சாக்கில் கொல்லையில் நின்று அழுததைச் செவந்திதான் என்னிடம் சொன்னாள்.

அடுத்து கீரனூர்ப் பக்கத்து மாப்பிள்ளை வந்தான். இந்தத் தடவை பெண் பார்த்தது, பரிசம் போட்டது எல்லாமே புதுக்கோட்டையில் சோலையப்பனின் தம்பி பழனிச்சாமி வீட்டில். பஸ் வசதி, கார் நிறுத்த வசதி என்று கலைமதி காரணம் சொன்னாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டார்கள். செவந்தி எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தாள். ஆனால் கல்யாண நாள் குறித்ததும் ஒன்றைப் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"இம்புட்டு நாளும் போன்ல பாத்தேன். சரி. தாரை வார்க்கிறப்ப மட்டும் நான்தான் தண்ணி ஊத்துவேன். எம்புள்ளைய நான்தான் குடுப்பேன்."

எங்கள் பக்கத்தில் தாரை வார்ப்பது பெற்றவர்கள் ஜோடியாகச் செய்கிற காரியம். மகள் கையை மாப்பிள்ளை கைமேல் வைத்து அப்பன் பிடித்துக்கொள்ள, ஆத்தாக்காரி சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் விழுந்தால்தான் பெண்ணைக் கொடுத்ததாகக் கணக்கு. ஜோடியில் ஒருத்தர் இல்லையென்றால் மற்றவரும் ஒதுங்கிக்கொண்டு, சித்தப்பன் சின்னாத்தா மாதிரி வேறொரு ஜோடியை விட்டுச் செய்வார்கள்.

கல்யாணம் வைகாசியில். திருமயத்திலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் அந்த வெயிலில் செவந்தியை எப்படிக் கொண்டுபோவது? என் இண்டிகாவில் ஏசி உண்டு, தருகிறேன் என்றேன். சோலையப்பன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டான். பெண்ணைப் பெற்றவள் சொந்த வண்டியில் போய் இறங்க வேண்டுமாம். அவனுடைய அம்பாசிடருக்குள்ளும் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஏசிப் பெட்டி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வண்டி வாங்கின புதிதில் செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஓட்டுவதற்காக மாட்டியது. அது செத்துப் பல வருஷமாகி, அதற்குள் சீப்பு, சீட்டுக்கட்டு, தைலப் புட்டி எல்லாம் போட்டு வைத்திருந்தான்.

முதலில் ரோட்டோர ஷெட் ஒன்றில் போய்க் கேட்டோம். அங்கிருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பழைய ஏசிக்கு உண்டான கேஸ் இப்போது வருவதில்லை, அதனாலென்ன, வீட்டில் சமைக்கிற கேஸை ஏற்றிவிட்டால் ஐஸ் மாதிரி குளிரும், நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றான். சோலையப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க வீட்ல ஒருதரம் எரிஞ்சது போதும்" என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

பிறகுதான் புதுக்கோட்டையில் உமைரிடம் போனோம். துபாயில் கார் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்தவர், நிதானமான மனுஷர். பானெட்டைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, இதுக்குப் புதுக் கேஸ் ஏத்தலாம். ஆனா சும்மா ஏத்திர முடியாது. உள்ள கெடக்குற பழைய ஆயிலும் புதுக் கேஸும் ஒண்ணோடொண்ணு சேராது. பழசு ஒரு சொட்டு இல்லாம கழுவி எடுக்கணும். ரப்பர் ரிங்கு பூராவும் மாத்தணும். முன்னாடி சூட்ட வெளிய தள்ளுற கண்டென்சரும் இதுக்குப் பத்தாது, பெருசு வைக்கணும். பொறுமையா இருப்பீங்களா?"

சோலையப்பன் பொறுமையாக இருந்தான். நான்தான் இருக்கவில்லை. சவாரியை விட்டுவிட்டுத் தினமும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, இது என்ன, அது என்ன என்று உமைரின் உயிரை எடுத்தேன். கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்தார்கள். கறுப்பாய்க் கஷாயம் மாதிரி ஆயில் வடிந்தது. குழாய்களைக் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவினார்கள். எல்லாம் மாட்டி முடித்ததும் உள்ளே இருக்கிற காற்றை மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுக் கேஸ் ஏற்றினார்கள். மூட்டு மூட்டாகச் சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தார்கள். ஒரு இடத்தில் வந்தது. சோலையப்பன் முகம் செத்துவிட்டது. உமைர் அந்த மூட்டைப் பிரித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலைமதியும் ஷெட்டுக்கு வந்தாள். பெட்டியின் முன்னால் கையை நீட்டிக் குளிரைப் பார்த்தாள்.

"அண்ணே, வண்டி நிக்கிறப்பவும் இப்படியே குளிருமா?" என்று உமைரிடம் கேட்டாள்.

"ஓடுறப்ப நல்லா இருக்கும்மா. ஒரே எடத்துல நின்னா காத்து பத்தாது, கொறைஞ்சிரும். இஞ்சினும் சூடாகும்."

"அப்ப நிக்கிறப்பவும் குளிர்ற மாதிரி பண்ணுங்க. எவ்வளவு நேரம் நின்னாலும் அம்மாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

உமைர் கண்டென்சருக்கு முன்னால் பெரிய ஃபேன் ஒன்றைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தார். நான் சோலையப்பன் முதுகில் தட்டி, "பெத்தா இப்படில்லடா பெக்கணும்" என்றேன். அவன் சிரித்தான். எப்போதும் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

வண்டி தயாரானதும் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் செவந்தியை ஏற்றினான். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஏசிப் பெட்டிக்கு முன்னால் நீட்டியபடியே வந்தாள். தார் ரோட்டில் கானல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பகலில் அந்த ரோட்டைப் பார்த்து எத்தனை காலமாயிற்றோ, வெளிநாட்டிலிருந்து வந்தவள் மாதிரி "இது எப்ப வந்துச்சு? அங்கிட்டு ஒரு புளியமரம் நின்னுச்சே, எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நமணசமுத்திரம் தாண்டியதும் பேச்சு நின்றது. என்னவென்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். சோலையப்பன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.

புதுக்கோட்டையில் ஜவுளிக்கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, அவளே உள்ளே போய் அரக்குக் கலரில் ஒரு பட்டு எடுத்தாள். தாரை வார்க்கிறபோது கட்டுவதற்கு. வீட்டில் பித்தளைச் சொம்பு ஒன்றைப் புளி போட்டு விளக்கி வைத்தாள். ஒட்டிப்போன விரல்களால் சொம்பைப் பிடித்துச் சாய்க்க வராது, தண்ணீர் சிதறும். அதனால் தினமும் சோலையப்பனைக் கையை நீட்டச் சொல்லி ஊற்றிப் பழகினாள். நான் ஒருநாள் போனபோது அவன் முழங்கை வரை நனைந்து உட்கார்ந்திருந்தான். "டேய், கல்யாணத்துக்குள்ள ஒனக்குச் சளி புடிச்சிரும்டா" என்றேன். செவந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கல்யாணத்தன்று காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. நாங்கள் மூவரும் அம்பாசிடரில் போனோம். கலைமதியை முதல்நாளே பழனிச்சாமி வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மண்டபத்தில் ஃபேன் மட்டும்தான், கூட்டமும் அதிகம். முகூர்த்தம் நெருங்குகிற வரைக்கும் செவந்தி காருக்குள்ளேயே இருப்பது, கூப்பிட்டதும் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு உடனே வந்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். மதில் ஓரம் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உமைர் வைத்த ஃபேன் நன்றாகச் சுற்றியது. அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மடியில் சொம்போடு செவந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் யாரோ கொடுத்த அட்சதை.

நாயனம் வேகமெடுத்த சமயம் பழனிச்சாமியின் மனைவி சின்னப்பிள்ளை மண்டபத்திலிருந்து வந்தாள். செவந்தி கண்ணாடியை இறக்கினாள்.

"வரவா? கூப்புடுறாகளா?"

சின்னப்பிள்ளை தரையைப் பார்த்தாள். அவளும் புதுப்பட்டு கட்டியிருந்தாள்.

"அக்கா, உள்ள ஒரே வெக்கையா இருக்கு. கலைமதி சொல்லுச்சு, அம்மா வண்டியிலயே இருந்துக்கிறட்டும், உள்ள வந்து மயங்கி விழுந்துட்டா சபையில ஒரு மாதிரி ஆயிரும்னு. வண்டி நின்னாலும் ஏசி குளிருமாம்ல. தாரைக்கு என்னையும் எங்க வீட்டுக்காரரையும் நிக்கச் சொல்லுது."

நிற்கிறபோதும் குளிருமா என்று கலைமதி ஷெட்டில் எதற்குக் கேட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. "ஏம்மா, இதென்ன பேச்சு? பெத்தவ இங்கன உக்காந்திருக்கா" என்று நான் சத்தம் போட ஆரம்பித்தேன். செவந்தி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"அது சொல்றதும் சரிதாண்ணே. நான் பாட்டுக்கு விழுந்து வச்சேன்னா?"

சொம்பை ஜன்னல் வழியாக நீட்டினாள். சின்னப்பிள்ளை வாங்கத் தயங்கினாள்.

"புடி. ரெண்டு கையாலயும் புடிச்சு ஒரே சீரா ஊத்து. விட்டுவிட்டு ஊத்தாத. நடுவுல அறுபடக் கூடாது."

சின்னப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்போடு ஓடினாள். செவந்தி கண்ணாடியை ஏற்றிவிட்டாள். "நீங்களாவது போங்க. அப்பன் இல்லாம எப்படி?" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அவன் நகரவில்லை. "இஞ்சின் ஓடுது. ஆளில்லாம விட்டுட்டுப் போகக் கூடாது" என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் போடா என்று நான் கத்தினேன். இஞ்சின் சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. மேடையேறிக் கலைமதியை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் மண்டபத்துக்குள் போனேன். போனபோது தாரை வார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னப்பிள்ளை சொன்னபடியே இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினாள். தண்ணீர் ஒரே சீராக விழுந்தது. கலைமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். அம்மா வந்துவிடுவாளோ என்று பயந்தாளா, வந்துவிட மாட்டாளா என்று ஏங்கினாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய்க்குப் பேர்போன நான் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் கெட்டிமேளம் கொட்டியது.

காருக்கு வந்து பார்த்தால் டாஷ்போர்டு, சீட், சோலையப்பன் மடி எங்கும் மஞ்சள் அரிசி. ஏசிப் பெட்டியின் கம்பிகளுக்கு நடுவிலும் சிக்கிக் கிடந்தது. மேளச் சத்தம் கேட்டதும் செவந்தி கையிலிருந்த அட்சதையைக் காருக்குள்ளேயே தூவியிருக்கிறாள். "நல்லா ஊத்துனாளாண்ணே?" என்று என்னிடம் கேட்டாள். "ம்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை வேப்பமரத்துக்கு வந்துவிட்டான். வேட்டி தடுக்க வேகமாக வந்தான். பின்னாலேயே கலைமதி. அவன் நேராகப் போய்க் காரின் கதவைத் திறந்து குனிந்தான்.

"அத்தே, ஏன் இங்கன உக்காந்திருக்கீங்க? எங்கம்மா மேடையில ஒங்களத்தான் தேடிக்கிட்டே இருந்தாங்க. ஒங்களுக்குன்னு ஒரு டேபிள் ஃபேன்கூடக் கொண்டாந்து மேடை ஓரமா வச்சிருந்தோம்."

செவந்தி முந்தானையை இழுத்து முகத்தை மறைக்கப் போனாள். அவன் தடுத்தான்.

"எதுக்கு மறைக்கிறீங்க? பரிசத்துக்கு முன்னாடியே மாமா எங்க வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஒளிச்சுப் பொண்ணு குடுக்க மாட்டேன்னாரு. எங்கப்பா அன்னிக்கே சொல்லிட்டாரு, அதுனால எங்களுக்கு என்னன்னு."

நான் சோலையப்பனைத் திரும்பிப் பார்த்தேன். பாவி. யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், நீ மறைத்தது எனக்குத் தெரியும் என்று மகள் முகத்துக்கு நேராகச் சொன்னதாகிவிடும் என்று இருந்துவிட்டான் போல. அவன் இன்னும் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

கலைமதிக்கு நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்து, "ஏன் கலைமதி, நீ கூப்புடலையா?" என்று கேட்டான்.

அவள் பதில் சொல்வதற்குள் செவந்தி முந்திக்கொண்டாள்.

"அது கூப்புட்டுச்சு தம்பி. தலையால தண்ணி குடிச்சுச்சு. நான்தான் வரமாட்டேன்னுட்டேன். கூட்டம்னா எனக்கு ஆகாது. வண்டிக்குள்ள சொகமாத்தான் இருக்கேன், பாருங்க."

மாப்பிள்ளை நம்பினான். நல்ல பையன், அதனால் நம்பினான். இருவரும் சேர்ந்து கார் வாசலில் குனிந்து அவள் காலைத் தொட்டார்கள். செவந்தி இரண்டு பேர் தலையிலும் கையை வைத்தாள். யாரோ கூப்பிட, மாப்பிள்ளை முன்னால் நடந்தான். கலைமதி எழுந்திருக்கவில்லை. மண்ணில் முழங்காலிட்டபடி அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று மட்டும் சொன்னாள். செவந்தி ஒட்டிப்போன அந்த விரல்களால் மகளின் கண்ணில் கலைந்திருந்த மையைத் துடைத்துவிட்டாள். திறந்த கதவு வழியாக வந்த வெக்கையில் அவளுடைய கழுத்தும் நெற்றியும் அதற்குள் சிவக்க ஆரம்பித்திருந்தன.

"அழுவாத. மை கரையுது. அங்கிட்டு ஒன்னத் தேடுவாக, போ" என்றாள்.

கலைமதி எழுந்தாள். போக மனமில்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காருக்குள் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். செவந்தி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கதவச் சாத்திட்டுப் போத்தா. சில்லு வெளிய போகுது" என்றாள்.

கலைமதி வெளியே நின்று சாத்தினாள்.